பாதித் தண்ணீர், பாதிக் கரை: தொட்டிக் கோளாறுகளைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி

பலூடேரியம் என்று கடைகளில் சொல்லும் பாதித் தண்ணீர், பாதிக் கரைத் தொட்டிக்கு வேலூரில் இரண்டு எதிரிகள். ஒன்று வெயில், இன்னொன்று போர் தண்ணீர். சத்துவாச்சாரியில் பார்த்தாலும் காட்பாடியில் பார்த்தாலும் வருகிற கோளாறுகள் திரும்பத் திரும்ப அதே சிலதுதான். அவற்றைத்தான் இங்கே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் தொட்டியில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

அதற்கு முன் ஒரு வேலை. மின்சாரக் கோளாறு தவிர வேறு எதுவானாலும், முதலில் அருவி மோட்டாரை (தண்ணீரை மேலேற்றிக் கரைக் கல்லில் அருவியாக விழவைக்கும் மோட்டார்) நிறுத்துங்கள். நீர் மட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே கண்ணாடியின் வெளிப்பக்கம் ஒரு துண்டு டேப் ஒட்டி, ஒரு ராத்திரி விடுங்கள். மீன் இருந்தால் ஸ்பாஞ்ச் ஃபில்டர் மட்டும் ஓடட்டும். காசு செலவழிப்பது எல்லாம் அதற்கு அப்புறம்.

தண்ணீரில் கை வைத்தால் சுரீர் என்கிறது

இதற்கு மட்டும் டேப்பும் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, தொட்டிக்குப் போகும் எல்லா பிளக்கையும் பிடுங்குங்கள்.

வயர் வழியாகத் தண்ணீர் இறங்கி பிளக்குக்குள் போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இந்த வகைத் தொட்டியில் அருவித் தெறிப்பும் கண்ணாடி வியர்வையும் வயரைப் பிடித்துக்கொண்டே நடந்துவிடும். வயர், சாக்கெட்டை விடக் கீழே ஒரு வளைவாகத் தொங்கி, பிறகு மேலேறி பிளக்குக்குப் போக வேண்டும். வளைவின் அடியிலேயே தண்ணீர் சொட்டிவிடும்.

அது சரியாக இருந்தால் மோட்டார் வயரை முழுநீளமும் விரலால் தடவிப் பாருங்கள் (பிளக் வெளியே இருக்கட்டும்). நண்டும் ஆமையும் வயரைக் கடிக்கும். கீறல் இருந்தால் இன்சுலேஷன் டேப் சுற்றி மறுபடி தண்ணீரில் போடாதீர்கள். அந்த மோட்டாரின் ஆயுள் அவ்வளவுதான். சில நூறு ரூபாய் மோட்டாருக்காக ரிஸ்க் எடுக்க வேண்டாம். அடுத்த சந்தேகம் மேலே இருக்கும் லைட். வியர்வை நேராக அதில்தான் படும்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டிய இடம்: தொட்டி பிளக் எல்லாவற்றையும் பிடுங்கிய பிறகும் வீட்டில் குழாயோ ஃபிரிட்ஜோ லேசாக ஷாக் அடித்தால், கோளாறு வீட்டு எர்த்தில் இருக்கிறது. அவர் வரும்போதே 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் தானாக அணையும் சுவிட்ச்) இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் போடச் சொல்லுங்கள். வீட்டுக்குள் தண்ணீரையும் கரன்ட்டையும் ஒன்றாக வைத்திருப்பவர்கள் அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

நீர் மட்டம் இறங்கிக்கொண்டே போகிறது

அதிகம் பேர் கேட்கும் கேள்வி இதுதான். "தொட்டி லீக் ஆகுதுங்க, சிலிக்கான் அடிக்கணும்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். பெரும்பாலும் லீக் இருக்காது. ஒரு ராத்திரி விட்ட டேப்பைப் பாருங்கள்.

*மோட்டாரை நிறுத்தியதும் இறங்குவதும் நின்றுவிட்டது.* அப்படியானால் அடிக் கண்ணாடி நன்றாக இருக்கிறது. தண்ணீர் அருவிப் பாதையில்தான் போகிறது. மோட்டாரை ஓடவிட்டு, சுற்றிலும் நியூஸ்பேப்பர் விரித்து, எந்தப் பக்கம் நனைகிறது என்று பாருங்கள். தெறிப்பு என்றால் மோட்டார் வேகத்தைக் குறைத்தால் போதும். பேப்பர் நனையாமல் மட்டம் மட்டும் இறங்கினால், தண்ணீர் கரைக்குள் போய்த் தங்குகிறது. அருவிக் கல்லின் ஓரத்தில் வளர்ந்த பாசி, தண்ணீரைத் திரி மாதிரி இழுத்துப் பக்கத்து மண்ணில் விடும். கத்தரிக்கோலால் ஓரத்தை வெட்டிவிடுங்கள். அதிலும் நிற்காவிட்டால், பின்பக்கம் ஃபோம் அடித்துச் செய்த பாறைச் சுவருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் தண்ணீர் இறங்குகிறது என்று அர்த்தம். டியூப் ஃபோமில் நுழையும் இடத்தில் சிலிக்கான் வைத்துப் பார்க்கலாம். கேட்கவில்லையென்றால் அந்தச் சுவரைப் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

*மோட்டார் நின்றும் இறங்குகிறது, ஆனால் ஒரு உயரத்துக்கு வந்ததும் நின்றுவிடுகிறது.* ஓட்டை அந்த உயரத்தில் இருக்கிறது. அந்த மட்டத்தில் நான்கு மூலைத் தையலையும் (கண்ணாடிகள் சேரும் இடத்துச் சிலிக்கான் ஒட்டு) வெளியே டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பாருங்கள். தொட்டி விளிம்புக்கு வெளியே தொங்கும் கொடியோ, துணியோ, நூலோ இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஒரு மணி பிளான்ட் வேர்க் கற்றை வெளியே தொங்கினால் ராத்திரியோடு ராத்திரியாகத் தண்ணீரை இழுத்துக் கொட்டிவிடும்.

*நிற்கவே இல்லை, தொட்டிக்கு அடியில் ஈரம்.* அடித் தையல். உயிரினங்களை இப்போதே வேறு டப்புக்கு மாற்றுங்கள். மூன்றடிக்கு ஒன்றரை அடித் தொட்டியில் அரை அடித் தண்ணீர் என்றாலே அறுபது லிட்டருக்கு மேல். அவ்வளவும் ஒரே நேரத்தில் தரைக்கு வரலாம். இதைச் சொந்தமாகச் செய்ய வேண்டாம் என்பேன். பழைய சிலிக்கான் மேல் புது சிலிக்கான் ஒழுங்காக ஒட்டாது. முழுத் தையலையும் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். தொட்டி செய்கிற ஆளிடம் கொடுங்கள். பாத்ரூமுக்கு விற்கும் பூஞ்சை எதிர்ப்பு சிலிக்கானை அவர் எடுத்தால் தடுத்துவிடுங்கள், அதில் இருக்கும் மருந்து மீனுக்கு ஆகாது. வினிகர் வாடை முழுக்கப் போகும் வரை தண்ணீர் ஊற்றக் கூடாது. அப்படியே ஸ்டாண்டு சமமாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மூலை இறங்கிய ஸ்டாண்டில் எத்தனை முறை ஒட்டினாலும் தையல் பிரியும். அடியில் தெர்மாகோல் ஷீட் இல்லாமல் வைத்த தொட்டியும் அப்படித்தான்.

*எங்கும் ஈரமே இல்லை, ஆனாலும் இறங்குகிறது.* ஆவியாகிறது, வேறொன்றும் இல்லை. அக்னி நட்சத்திர நாட்களில், மேலே மூடாமல் விசிறியும் ஓடும் தொட்டியில் நாளுக்கு ஒரு சென்டிமீட்டர் வரை போகலாம். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு உள்ளேயே தங்கிவிடும். அதனால் குறைந்த தண்ணீருக்குப் பதில் போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் தொட்டி மாதா மாதம் உப்பேறும். குறைவதை ஈடுகட்ட ஆர்ஓ கேன் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள்.

கரை சொதசொதவென்று இருக்கிறது, அழுகிய முட்டை நாற்றம்

கரையில் வைத்த ஃபெர்னும் சிங்கோனியமும் மஞ்சளாகிச் சாயும். மண்ணை விரலால் அழுத்தினால் தண்ணீர் ஊறும். செடிக்குத் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் ஸ்பிரே அடிப்பவர்கள் உண்டு. செய்ய வேண்டியது நேரெதிர்.

கரை மண்ணும் நீரும் எங்கே தொட்டுக்கொள்கின்றன என்று தேடுங்கள். தேங்காய் நார்த்தூள் தண்ணீரைத் தொட்டால் போதும், அரை அடி மேலே வரை உறிஞ்சி ஏற்றிவிடும். ஒரு கட்டை, கொஞ்சம் பாசி, தவறி விழுந்த ஒரு கைப்பிடி மண் என்று எது பாலமாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள். செலவில்லை.

பாலம் எதுவும் தெரியவில்லை என்றால் நீர் மட்டத்தை இரண்டு அங்குலம் இறக்கி ஒரு வாரம் பாருங்கள். மண் இறுக ஆரம்பித்தால், உங்கள் தொட்டிக்குச் சரியான மட்டம் அதுதான். பழைய உயரம் வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம்.

அப்புறம் அடியில் தேங்கியிருப்பதை எடுக்க வழி இருக்கிறதா? கரை மூலையில் அரை அங்குல பிவிசி பைப் ஒன்றை அடிவரை செங்குத்தாக நட்டுவைத்தால், உள்ளே எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று குச்சி விட்டுப் பார்க்கலாம். மெல்லிய டியூபும் சிரிஞ்சும் வைத்து உறிஞ்சியும் எடுக்கலாம். இந்தப் பைப்பை எல்லாரும் முதலிலேயே வைக்க வேண்டும். அழகு போய்விடும் என்று யாரும் வைப்பதில்லை. ஒரு ஃபெர்னை முன்னால் நட்டால் மறைந்துவிடும்.

இத்தனைக்கும் பிறகு நாற்றம் போகவில்லை என்றால் கரையைப் பிரித்துக் கட்டுங்கள். அடியில் உடைத்த செங்கல் ஜல்லி மூன்று அங்குலம், அதன்மேல் கொஞ்சம் அடுப்புக்கரி, அதன்மேல் கொசுவலைத் துணி இரண்டு மடிப்பு, அதற்கும் மேலேதான் மண். கடையில் விற்கும் களிமண் உருண்டைகள் எடை குறைவு, பார்க்கவும் நன்றாக இருக்கும். வேலை என்னவோ செங்கல்லும் அதையேதான் செய்கிறது. நார்த்தூளை இரண்டு மூன்று தண்ணீரில் அலசிய பிறகே போடுங்கள், கழுவாததில் உப்பு இருக்கும். ஒரு எச்சரிக்கை: நாறும் மண்ணை மீன் உள்ளே இருக்கும்போது கிளறாதீர்கள். வெளியே வரும் வாயு தண்ணீரில் கலந்தால் மீன் செத்துவிடும்.

பாசி பழுப்பாகிறது, கண்ணாடியில் வெள்ளைப் படிவு

இரண்டும் சேர்ந்து தெரிந்தால் காரணம் தண்ணீரின் உப்பு. டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்த உப்பை அளப்பது) சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இந்த ஊரில் இந்தத் தொட்டி வைப்பவர்கள் முதலில் வாங்க வேண்டிய கருவி அதுதான். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை. நம் பக்கத்துப் போர் தண்ணீர் பல தெருக்களில் அந்த முதல் எண்ணைச் சுலபமாகத் தாண்டும். மனிதன் குடித்துவிடுவான், ஜாவா பாசி குடிக்காது. காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் வீட்டில் அதைப் பிடித்து ஒரு நாள் திறந்துவைத்து, குளோரின் போன பிறகு பயன்படுத்தலாம்.

மீட்டர் எண் ஒவ்வொரு வாரமும் ஏறுகிறதா? ஆவியானதை ஈடுகட்ட ஊற்றும் தண்ணீரை ஆர்ஓவுக்கு மாற்றுங்கள். ஏறாமல் ஒரே உயரத்தில் நிற்கிறதா? தண்ணீர் மாற்றும்போது பாதி ஆர்ஓ, பாதி போர் என்று கலந்து ஊற்றுங்கள். நூற்றுக்கு நூறு ஆர்ஓ வேண்டாம், மீனுக்கும் இறாலுக்கும் கொஞ்சம் தாது தேவை. ஒரே நாளில் மாற்றிவிடாமல் வாரத்துக்குக் கால்வாசி வீதம் போங்கள்.

நல்ல தண்ணீர் ஊற்றியும் எண் ஏறினால் கல்லைச் சந்தேகப்படுங்கள். காய்ந்த கல்லின்மேல் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக் கல், வெளியே எடுங்கள். நம் மலைகளில் உடைக்கும் கருங்கல் நுரைக்காது, அதைத் தாராளமாக வைக்கலாம். ஆற்று மணல் விஷயத்தில் நான் கறார். பாலாற்றில் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்து மணலைத் தொட்டியில் போடாதீர்கள். தோல் பதனிடும் கழிவுநீர் பற்றி 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் அளவுக்குப் போன ஆறு அது. மண்ணில் தங்கிய குரோமியம் அலசினால் போகாது. கடையில் விற்கும் சிலிக்கா மணலே போதும்.

டிடிஎஸ் குறைவு, பாசி மட்டும் பழுப்பு என்றால் சூடுதான். பாசி வகைகளுக்கு 30 டிகிரி தாண்டினாலே ஒத்துக்கொள்ளாது. மே மாதம் முடியும் வரை அதைச் சும்மா விட்டுவிடுங்கள், ஜூலையில் திரும்பத் துளிர்க்க வாய்ப்பு உண்டு. வெயிலைத் தாங்குகிற செடி வேண்டுமென்றால் நீர்ப்பிரம்மியும் வல்லாரையும் நம் ஊர்ச் செடிகள், ஈரக் கரையில் தானாகப் பரவும்.

வெள்ளைப் படிவைத் துடைக்க, துணியில் எலுமிச்சைச் சாறு. தண்ணீருக்குள் சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது

எந்த நேரத்தில் வருகிறது என்பதுதான் இங்கே விடை.

*மதியம் மட்டும்:* சூடு. 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவு ஆக்ஸிஜன் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். இந்தத் தொட்டியில் தண்ணீரும் குறைவு, அதனால் சீக்கிரம் சூடேறும். மேல் மூடியைத் திறந்து, ஒரு சின்ன விசிறியை நீர்ப்பரப்பின் குறுக்கே ஓடவிடுங்கள், இரண்டு மூன்று டிகிரி குறையும். ஐஸ் பாட்டில் மிதக்கவிடுவது அவசரத்துக்குச் சரி, ஆனால் சூடு சடாரென்று இறங்கினால் மீன் தாங்காது. மேற்குச் சுவர் ஓரமாக வைத்த தொட்டி என்றால் எதைச் செய்தாலும் போதாது, இடத்தை மாற்றுங்கள். சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) வாங்கலாமா என்று கேட்பார்கள். அதன் விலைக்குத் தொட்டியையே மூன்று முறை செய்யலாம்.

*கரன்ட் போய் வந்த பிறகு:* மூடிய கேனிஸ்டர் ஃபில்டர் பல மணி நேரம் நின்றிருந்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் கெட்டுவிடும். அப்படியே ஓடவிடாமல், முதலில் வரும் தண்ணீரை வாளியில் பிடித்துக் கொட்டுங்கள். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

*தண்ணீர் மாற்றிய அன்று:* குளோரின். ஆன்டி குளோரின் சொட்டுகளை உடனே விடுங்கள்.

*நாள் முழுக்க:* அம்மோனியா. டெஸ்ட் கிட் வாங்கிப் பாருங்கள். உப்புத் தண்ணீரில் பிஎச் உயரமாக இருக்கும், அந்தத் தண்ணீரில் அம்மோனியாவின் விஷமும் கூடும், சூடும் சேர்ந்தால் இன்னும் மோசம். தீனியை நிறுத்தி, தினம் கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள். கரைக்கு அடியில் ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று தேடுங்கள். கரை உள்ள தொட்டியில் செத்த மீன் கல்லிடுக்கில் மாட்டிக்கொண்டு கண்ணில் படவே படாது.

தண்ணீர் நிறம் மாறியது

பால் மாதிரி வெள்ளை, புதுத் தொட்டி: பாக்டீரியா பெருக்கம். தீனி குறைத்துப் பொறுத்திருங்கள், தானாகத் தெளியும். கிளியர் பண்ணும் திரவம் எதுவும் வேண்டாம்.

பச்சை: வெளிச்சம் அதிகம். லைட்டை ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குக் குறைத்து, ஜன்னலை மறையுங்கள். தண்ணீரைப் பச்சையாக்கும் பாசியைக் கொல்லும் மருந்தில் பெரும்பாலும் காப்பர் இருக்கும், இறாலும் நண்டும் போய்விடும்.

டீ நிறம்: கட்டையில் இருந்தும் வாதாம் இலையில் இருந்தும் இறங்கும் சாயம். கெடுதல் இல்லை. பிடிக்கவில்லை என்றால் கட்டையை எடுத்து நன்றாகக் கொதிக்க வைத்துப் போடுங்கள். வேப்பங்கட்டை மட்டும் வேண்டாம்.

கண்ணாடி எப்போதும் வியர்த்திருக்கிறது

மூடியில் முன்பக்கம் ஒரு விரல் அகலம் இடைவெளி விடுங்கள். போதவில்லை என்றால் கம்ப்யூட்டர் விசிறி ஒன்றை மேலே வையுங்கள். இதற்கு யாரையும் கூப்பிடத் தேவையில்லை.

அருவி மெலிந்துவிட்டது, மோட்டார் இரைகிறது

மோட்டார் வாயில் இருக்கும் ஸ்பாஞ்சைக் கழுவுங்கள். அடுத்து முன்மூடியைக் கழற்றி உள்ளே சுழலும் இறக்கையை எடுத்தால், உப்புப் படிவு வெள்ளையாக ஒட்டியிருக்கும். வினிகரில் அரை மணி ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசிப் போடுங்கள். டியூபுக்குள்ளும் இதே படிவுதான். நீர் மட்டம் குறைந்து மோட்டார் காற்றை இழுத்தாலும் இரையும், அதை விட்டுவைத்தால் எரிந்துபோகும். இறக்கையின் நடுத் தண்டு உடைந்திருந்தால் தண்டை மட்டும் தேடி அலையாதீர்கள், புது மோட்டார் வாங்கிவிடுங்கள்.

கொசு, சின்ன ஈ, பூஞ்சை

கொசுப்புழு இருந்தால் தண்ணீர் எங்கோ அசையாமல் நிற்கிறது. மீன் போக முடியாத கல் குழி, செடிக் குவளை, அருவிக்கு மேலே ஒளித்துவைத்த டப்பா என்று பாருங்கள். டெங்கு பரப்பும் கொசுவுக்கு அந்தக் குழி போதும், ஒரு வாரம் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். மாநகராட்சி ஆட்கள் வீட்டுக்கு வந்து பார்க்கும்போது தொட்டியைக் காட்டுங்கள், ஒளிக்க வேண்டாம். ஆனால் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்தை அதில் ஊற்றவிடாதீர்கள். மீன் தாக்குப் பிடித்தாலும் நண்டும் இறாலும் பிழைக்காது. கொசுப்புழுவைத் தின்னும் கப்பி மீன் நான்கு விட்டிருப்பதைக் காட்டி, குழியில் நின்ற தண்ணீரை அவர்கள் கண்ணெதிரே வடித்துவிட்டால் பிரச்சினை முடிந்தது.

சின்ன ஈ வந்தால் கரை அளவுக்கு மேல் ஈரம், மேலே உள்ள சொதசொதத் தலைப்பைப் பாருங்கள். புதுக் கட்டையில் வரும் வெள்ளைப் பூஞ்சை சில வாரத்தில் தானே போய்விடும், துடைத்துவிட்டால் போதும்.

நண்டு செத்துக் கிடக்கிறது, ஆமை சாய்ந்து மிதக்கிறது

நண்டைத் தூக்கிப் போடுவதற்கு முன் எடுத்துப் பாருங்கள். உள்ளே காலியாக, லேசாக இருந்தால் அது உரித்த சட்டை. நண்டு எங்காவது இடுக்கில் மெத்தென்ற உடம்போடு பதுங்கியிருக்கும். சட்டையை அங்கேயே விடுங்கள், சுண்ணாம்புச் சத்துக்காக அதையே தின்னும். உண்மையிலேயே செத்திருந்தால் மூக்கே சொல்லிவிடும். அப்போது, சமீபத்தில் மீனுக்கு ஏதாவது மருந்து விட்டீர்களா, செடிக்கு உரம் போட்டீர்களா என்று யோசியுங்கள். காப்பர்தான் முதல் சந்தேகம்.

ஆமை என்றால் கடைகளில் விற்கும் சிவப்புக் காது ஆமையைச் சொல்கிறேன். நம் குளத்து ஆமைகளை வீட்டில் வைப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். கண் வீங்கியிருந்தால் அழுக்குத் தண்ணீரோ வைட்டமின் ஏ குறைவோ காரணமாக இருக்கும், ஃபில்டரையும் தீனியையும் பாருங்கள். ஓடு மெத்தென்று ஆகிவிட்டால் யூவிபி (புற ஊதாக் கதிர்) லைட் இல்லை, அல்லது இருந்தும் கண்ணாடி மூடிக்கு மேலே வைத்திருக்கிறீர்கள். அந்தக் கதிர் கண்ணாடியைத் தாண்டாது. ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தால், மூக்கில் குமிழி வந்தால், வாயைத் திறந்து மூச்சு விட்டால் நுரையீரல் தொற்றாக இருக்கலாம். கடைக்காரர் தரும் சொட்டு மருந்தில் நாள் கடத்தாதீர்கள். ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவர் பக்கத்தில் கிடைக்காவிட்டால் சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகலாம். தண்ணீரில் வைத்துக் கொண்டுபோக வேண்டாம், ஈரத் துணி விரித்த, காற்றோட்டமான டப்பா போதும்.

வளர்த்து முடியவில்லை என்று அதைக் கோட்டை அகழியில் கொண்டுபோய் விடுவதும் நடக்கிறது. உலகின் மிக மோசமான 100 ஊடுருவும் உயிரினங்கள் பட்டியலில் இருக்கிற ஆமை அது. வாங்கிய கடையிலேயே திருப்பிக் கேளுங்கள், பல கடைகள் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளும்.